லாலாங் வேரும் துருத் தண்ணீரும்

எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் செம்பனைக் காட்டிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அந்த வாய்க்கால் தண்ணீர் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், அடியில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு பஞ்சாக ஒரு சகதி, மழை இல்லாத நாள்களில் மேலே வானவில் மாதிரி மின்னும் ஒரு படலம். "எவனோ இன்ஜின் எண்ணெயைக் கொட்டிட்டான்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கோபப்பட்டார். ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தின் நடுவே இழுத்துக் காட்டினேன். எண்ணெயாக இருந்தால் குச்சி போன தடம் சுழன்று மறுபடி மூடிக்கொள்ளும். இது உடைந்தது. காய்ந்த சாயம் உரிகிற மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து, ஓரம் கூர்மையாக, அப்படியே மிதந்தது. அது எண்ணெய் இல்லை, இரும்பு. தண்ணீரில் கரைந்து வரும் இரும்பைக் காற்று படும் இடத்தில் துருவாக்கும் நுண்ணுயிர்கள் கட்டிய மெல்லிய ஆடை.

அண்ணன் அடுத்துக் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அப்படின்னா இந்தக் கரையில இருக்கிற புல்லெல்லாம் எப்படித் தம்பி சாகாம இருக்கு? புல்லு வச்சா இரும்பை உறிஞ்சி எடுத்திரும்னு சொல்றாங்களே, நெசமா?" முதல் கேள்விக்குப் பதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இரண்டாவதுக்குப் பதில், பலரும் நினைப்பதற்கு நேர் எதிரானது.

முதலில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். இரும்பு வெளியிலிருந்து வந்த அசுத்தம் இல்லை. பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் ஏறக்குறைய 5 விழுக்காடு இரும்புதான். நம் தோட்டத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதே அதனால்தான். ஆனால் காற்றோட்டமான மண்ணில் அது துருவாக, கரையாமல் கிடக்கும். அப்படிக் கிடக்கிற வரை யாருக்கும் தொல்லை இல்லை. மண்ணில் தண்ணீர் தேங்கிவிட்டால் கதை மாறும். தின்றதை எரிக்க நமக்கு ஆக்சிஜன் வேண்டும் இல்லையா, அந்த ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசை, அதுவும் தீர்ந்தால் இரும்புத் துருவை அந்த வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. அவை கொடுக்கும் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்ட துரு, ஃபெரஸ் என்கிற வடிவத்துக்கு மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த இரும்புக்கு நிறம் கிடையாது. தெளிந்த தண்ணீராக மண்ணுக்கடியில் நகர்ந்து வந்து, வாய்க்காலில் காற்றைப் பார்த்ததும் மறுபடி துருவாகிப் படியும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, விடிந்து பார்த்தால் அடியில் மஞ்சள் படிந்திருப்பதும் இதே சங்கதிதான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை விழும், வாயில் துருச்சுவை தட்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம். இந்த ஊரைச் சுற்றி இருக்கும் குட்டைகள் எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள், கரையெல்லாம் அலசிக் கொட்டிய மணல். ஈயத் தாதுவோடு ஆர்சனிக் சேர்ந்த கனிமங்களும் மேலே வந்துவிடும். ஆர்சனிக் என்றால் வேறொன்றுமில்லை, நம் பாட்டிகள் பாஷாணம் என்று சொன்னதில் இருக்கும் அதே நஞ்சு. இன்னொன்று கடலோர மண். கோல சிலாங்கூரிலிருந்து பந்திங், கேரித் தீவு வரை ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்த நிலத்தில் பைரைட் என்கிற இரும்புக் கந்தகக் கல் பொடிப் பொடியாகக் கலந்திருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அது சாது. பயிர் வைக்க வாய்க்கால் வெட்டி வடிய வைத்தால் காற்று இறங்கி, பைரைட் எரிந்து கந்தக அமிலமும் இரும்புமாகப் பிரியும். அப்படிப்பட்ட மண்ணை வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறக் களிமண்ணுக்குள் வைக்கோல் மஞ்சளில் கோடு கோடாக ஒன்று தெரியும். ஜாரோசைட் என்று பெயர், இரும்பும் பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இது மறுபடி ஒரு எதிர்பாராத இடத்தில் வரும்.

சரி, புல்லுக்கு வருவோம். நெல், சோளம், கரும்பு, மூங்கில், தோட்டங்களில் களையாக மண்டும் லாலாங் புல், எல்லாமே ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு இரும்பு விஷயத்தில் வேறு எந்தச் செடிக்கும் இல்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. மற்ற செடிகள் இரும்புப் பசி வந்தால் வேரைச் சுற்றி அமிலத்தை விட்டு, துருவை ஃபெரஸாக மாற்றி உள்ளே இழுக்கும். புல் அப்படிச் செய்வதில்லை. அது வேரிலிருந்து ஒரு பொருளைத் தூண்டில் மாதிரி வெளியே வீசும். அந்தப் பொருள் துருவை அப்படியே கவ்விக்கொள்ளும், கவ்வியதோடு சேர்த்துப் புல் அதைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளும். இதை முதலில் கவனித்தவர் ஜப்பானைச் சேர்ந்த தகாகி. நெல், ஓட்ஸ் வேர் கழுவிய தண்ணீர் துருவைக் கரைக்கிறது என்று 1976இல் எழுதினார். பின்னால் பார்லி வேரில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து மியூஜினிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். முகி என்றால் ஜப்பானிய மொழியில் பார்லி, கோதுமை வகை. பார்லி இதை நாள் முழுக்க வீணாகக் கொட்டிக்கொண்டிருக்காது, விடிந்து சில மணி நேரத்துக்குள் மொத்தமாக விட்டுவிட்டு நிறுத்திவிடும். எவ்வளவு கணக்கான பிறவி பாருங்கள்.

புல்லின் உடம்பு முதலில் இரும்புப் பசிக்குப் பழகியது, அதனால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன். துருவாகக் கிடக்கும் மண்ணில் சிறு துளி இரும்புக்கும் போராடத் தெரிந்த செடியைக் கொண்டுபோய், கரைந்த இரும்பு வெள்ளமாக வரும் சேற்றில் நிறுத்தினால் என்ன ஆகும்? வீட்டுக் கதவைத் தட்டாமலே ஃபெரஸ் உள்ளே வந்துவிடும். சாதாரணமாகப் புல் இலையில், காய்ந்த எடையில் கிலோவுக்கு நூறு மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கும். நெல்லில் அது 300, 500 என்று ஏறினால் ஆபத்து. செல்லுக்குள் எப்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிக்கொண்டே இருக்கும், அதை ஃபெரஸ் இரும்பு சந்தித்தால் ஹைட்ராக்சில் என்கிற பொல்லாத துணுக்கு பிறக்கும். 1894இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர் விவரித்த வினை இது. அந்தத் துணுக்கு பக்கத்தில் எது இருந்தாலும் கிழிக்கும், சவ்வு, புரதம், மரபணு, எதையும் விடாது. சிகிஞ்சான் பக்கம் நெல் வயலுக்குப் போகிறவர்கள் எங்காவது தேங்கிய மூலையில் கவனித்துப் பாருங்கள்: அடியிலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் தொடங்கி, இலை முழுக்கப் பழைய வெண்கலப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறும். நோயென்று நினைத்து மருந்தடிப்பார்கள். இரும்பு மிஞ்சிப்போனதாகவும் இருக்கலாம், அப்படியானால் மருந்தால் ஒன்றும் நடக்காது. தண்ணீரை வடித்துக் காற்று விடுவதும், பொட்டாசியம் குறையாமல் பார்ப்பதும்தான் வழி.

உள்ளே வந்துவிட்ட இரும்பை அடக்கவும் புல்லிடம் ஏற்பாடு உண்டு. ஃபெரிட்டின் என்கிற புரதம், இருபத்துநான்கு துண்டுகள் சேர்ந்து ஒரு பந்து மாதிரி நிற்கும், நடுவே வெற்றிடம், அதற்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்களைத் துருவாக அடைத்து வைக்கலாம். நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிற அதே ஃபெரிட்டின்தான். அதற்கும் மிஞ்சினால் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையில் தள்ளிப் பூட்டும். ஆனால் கெட்டிக்காரத்தனம் வீட்டுக்குள் பூட்டுவதில் இல்லை, வாசலிலேயே நிறுத்துவதில் இருக்கிறது.

இதை நான் வாசித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. வாய்க்காலின் தண்ணீர் ஓரத்தில் மாட்டுக்கு அறுக்கிற தண்ணீர்ப்புல் அடர்ந்து கிடக்கும். சங்கோலால் (மண்வெட்டியால்) ஒரு கொத்தைக் கிளப்பி, வாளித் தண்ணீரில் மெதுவாக ஆட்டிச் சேற்றைப் போக்கினேன். சேறு போன பிறகும் வேர் வெள்ளையாகவில்லை. ஒவ்வொரு வேரும் செங்கல் நிறத்தில் ஒரு உறை போட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது, விரலில் துருவாக ஒட்டியது, அடியில் பால் மாதிரி வெள்ளை வேர். சில வேரின் நுனியில் மட்டும் உறை இல்லை. ஒரு வேரைக் கிள்ளி குறுக்கே பார்த்தால் நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள், பஞ்சு மாதிரி. அந்த ஓட்டைகள்தான் சூட்சுமம். சேற்றில் நிற்கும் புல் இலையிலிருந்து வேர் வரை காற்றுக்குழாய் வைத்திருக்கிறது. மேலே இருந்து இறங்கும் ஆக்சிஜன் வேரில் கசிந்து வெளியே வரும்போது, வேரை நோக்கி வரும் ஃபெரஸ் இரும்பு அந்த இடத்திலேயே துருவாகி வேர்மேல் படிந்துவிடும். உள்ளே போக வேண்டியது வாசலிலேயே உறைந்து கிடக்கிறது. புல் சுவாசிப்பதே அதற்குக் கவசம் கட்டித் தருகிறது.

அந்தத் துரு உறைக்கு இன்னொரு குணம் இருக்கிறது. துருவின் மேற்பரப்பில் ஆர்சனிக், பாஸ்பரஸ், காரீயம், துத்தநாகம் எல்லாம் நன்றாக ஒட்டும். உறை தடித்துப்போனால் புல்லுக்குத் தேவையான பாஸ்பரஸும் அதில் சிக்கிக்கொள்ளும், அது புல்லுக்கு நட்டம். ஆனால் பாஷாணமும் அதில்தான் சிக்குகிறது, அது நமக்கு லாபம்.

தோட்டத்து மண்ணில் ஆர்சனிக் பேச்சு வந்ததற்கு லம்பம் மட்டும் காரணம் இல்லை. மலாயா ரப்பர்க் காடுகளில் 1960களுக்கு முன்பு லாலாங்கைக் கொல்லப் பெரும்பாலும் அடித்தது சோடியம் ஆர்சனைட். எங்கள் பாட்டி காலத்தில் லாலாங் என்றால் அவ்வளவு பயம், ஒரு நிரையில் புகுந்துவிட்டால் இளம் ரப்பர்க் கன்று எழும்பாது, வெட்டினாலும் எரித்தாலும் அடியில் இருக்கும் கிழங்கு வேரிலிருந்து மறுபடி ஈட்டி மாதிரி முளைக்கும். அப்புறம் பாராக்குவாட் என்கிற களைக்கொல்லி வந்தது, அது எத்தனை குடும்பத்தில் சாவைக் கொண்டுவந்தது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2020இல்தான் முழுத் தடை வந்தது. பாராக்குவாட்டாவது நாளடைவில் சிதையும். ஆர்சனிக் தனிமம், அது சிதைய வழியே இல்லை. அடித்தது போனது போக, மீதி இன்னும் மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அப்படி நஞ்சு வைத்துக் கொன்ற அதே லாலாங்கைப் பற்றி 2005இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்பெயினின் தெற்கே ரியோ தின்டோ என்று ஒரு ஆறு, பேருக்கேற்ற மாதிரி சிவப்புத் தண்ணீர், பி.எச். ஏறக்குறைய 2.3, எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்பு, கரைந்த இரும்பு அள்ளிக் கொள்ளலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுரங்கம் தோண்டிய பகுதி. அந்தக் கரையில் வளர்ந்து நிற்பது நம் லாலாங்தான், அதே இனம். அதன் திசுக்களில் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஃபெரிட்டின் இருந்தது, அது எதிர்பார்த்ததே. கூடவே ஜாரோசைட் இருந்தது. நம் கடலோர மண்ணில் மஞ்சள் கோடாகத் தெரிகிற அதே கனிமத்தை ஒரு புல் தன் உடம்புக்குள் வைத்திருக்கிறது. அதற்கு முந்தின ஆண்டுதான் செவ்வாய்க் கோளில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இதே ஜாரோசைட்டைக் கண்டு, அங்கே ஒரு காலத்தில் புளிப்புத் தண்ணீர் இருந்தது என்று சொன்னார்கள். நம் லயத்துக்குப் பின்னால் முளைக்கும் புல்லுக்கும் செவ்வாய் மண்ணுக்கும் பொதுவாக ஒரு கனிமம்!

இப்போது அண்ணனின் இரண்டாவது கேள்வி. புல் இரும்பை உறிஞ்சி மண்ணைச் சுத்தம் செய்துவிடுமா? கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு ஹெக்டரில் மேல் மண் 15 சென்டிமீட்டர் வரை எடுத்தால் எடை ஏறக்குறைய 2,000 டன். அதில் 3 விழுக்காடு இரும்பு என்று வைத்தால் 60 டன். லாலாங்கை அடர்ந்து வளரவிட்டு அறுத்தால், ஒரு அறுப்புக்கு 5 டன் காய்ந்த புல் கிடைக்கிறது, கிலோவுக்கு 500 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு அறுப்பில் வெளியே போவது இரண்டரைக் கிலோ. அறுபது டன்னுக்கு இருபத்துநாலாயிரம் அறுப்பு வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை அறுத்தாலும் ஆறாயிரம் ஆண்டு!

புல் மண்ணிலிருந்து இரும்பை எடுத்துவிடாது, எடுக்கவும் வேண்டாம். இரும்பு எங்கே இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. கரைந்து நகரும் இரும்பைக் கரையாத துருவாக்கி ஓரிடத்தில் நிறுத்துவதுதான் புல் செய்யும் சுத்தம். அந்தத் துரு ஆர்சனிக்கையும் காரீயத்தையும் பிடித்துவைக்கும், வேர் மண்ணைப் பிடித்துவைக்கும், மழையில் கரை சரிந்து ஆற்றுக்குப் போகாது. எங்கள் வாய்க்கால் கடைசியில் சேர்வது சிலாங்கூர் ஆறு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் குடிக்கும் தண்ணீர்.

இந்த வேலைக்கு ஆளை நாமே தேர்ந்தெடுப்பதென்றால் லாலாங்கைச் சொல்ல மாட்டேன், அது தேங்கிய தண்ணீரில் நிற்காது, பக்கத்துக் கொல்லைக்குப் பரவும், காய்ந்தால் தீப்பிடிக்கும். வெட்டிவேரைச் சொல்வேன். உலகமே அதைத் தமிழ்ப் பெயரால்தான் அழைக்கிறது. பரவாது, ஏனென்றால் நடும் வகை முளைக்கும் விதை வைப்பதில்லை. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே மூன்று மீட்டர் வரைகூட இறங்கும், அமில மண்ணையும் பல உலோகங்களையும் தாங்கும், எடுத்துக்கொள்ளும் ஆர்சனிக்கில் மிகச் சிறு பங்கைத்தான் இலைக்கு ஏற்றும், மிச்சமெல்லாம் வேரிலேயே வைத்துக்கொள்ளும். நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி.கே. யூன் 1990களின் தொடக்கத்திலேயே இதைப் பெருக்கிப் பார்த்து எழுதியிருக்கிறார், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் நட்டார்கள். நீர் நிற்கும் இடத்துக்கு நாணல் வகைகள். புத்ராஜெயாவில் 1997, 98இல் ஏறக்குறைய 200 ஹெக்டரில் சதுப்பு நிலமே செய்து, 24 பாத்திகளில் நாணலும் கோரையும் வைத்து, ஏரிக்கு வரும் தண்ணீரை வடிகட்டுகிறார்கள். அந்த மண் பெராங் பெசார் தோட்டத்து மண், நம் சனங்கள் மூன்று தலைமுறை வேலை செய்த இடம். அங்கே போனால் நான் அந்த நாணலைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வேர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தத் துரு உறை நிற்கும். மேலிருந்து ஆக்சிஜன் இறங்குவது நின்றால், சேற்று நுண்ணுயிர்கள் அதே துருவைத் திரும்பக் கரைக்கும், அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து அவிழும். போன ஆண்டு எங்கள் வாய்க்காலின் இரண்டு கரையிலும் புல்மருந்து அடித்தார்கள். யார் அடித்தது என்று சண்டைக்குப் போக நான் இதை எழுதவில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் அடித்திருப்பார்கள். பத்து நாளில் கரை முழுக்க வைக்கோல். அடுத்த கனமழையில் கரை மூன்று இடத்தில் சரிந்தது, அதற்குப் பிறகு பல வாரம் வாய்க்கால் நான் பார்த்ததிலேயே கருஞ்சிவப்பாக ஓடியது. வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அடிக்கட்டை உயிரோடு இருக்கும், வேர் மூச்சு விடும்.

வெட்டினதை என்ன செய்வது என்பதும் முக்கியம். ஆர்சனிக் உள்ள மண்ணின் புல்லை எரிக்கக் கூடாது, கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் சாம்பலில் நிற்கும், இரும்போ எரியவே எரியாது. லம்பத்து மணலில் முளைத்ததை மாட்டுக்கும் போட வேண்டாம், இலையைவிட இலையில் ஒட்டிய மண் கெடுதல். வெட்டின இடத்திலேயே கரையின் மேல்பக்கம் காய்ந்த தரையில் மூடாக்காகப் போட்டுவிடலாம், அது போதும். பைரைட் மண் உள்ள கொல்லைக்காரர்கள் வாய்க்காலை ஒரேயடியாக ஆழப்படுத்தாமல், நிலத்தடித் தண்ணீரை அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காமல் தேக்கிவைத்தால், பைரைட் மூழ்கியே கிடக்கும், இரும்பு பிறக்கிற இடத்திலேயே பாதித் தொல்லை அடங்கும்.

சரிந்த மூன்று இடத்திலும் நானும் அண்ணனும் வெட்டிவேர் நட்டோம், ஒரு சாண் கூட இடைவெளி விடாமல் வரிசையாக. நாலு மாதம் கழித்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, கீழ் வரிசையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு பதியத்தைக் கிளப்பிப் பார்த்தார். மேல் பாதி வேர் வெளுப்பாக, வாசனையாக இருந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த வேர் எல்லாம் செங்கல் நிற உறை. வாளியில் போட்டுக் கழுவப் போனவரைத் தடுத்தேன். அப்படியே திரும்ப வைத்து, சேற்றைக் காலால் அழுத்திவிட்டு வந்தோம்.